பழகிய வாசகமும் புதிய பொருளும்: விவிலியத்தை மீளப் படித்த தமிழ்ப் புலமையாளர் நால்வர்

முன்னுரை

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது வழக்கு. இதற்கு நேர்மாறான கருத்தையும் தமிழ் மரபு போற்றி வந்துள்ளது. பண்புடையோர் நட்பு பழகுந்தோறும் இன்பம் பயக்கும் என்பதை விளக்க வந்த வள்ளுவர், நல்ல நூல் பயிலுந்தோறும் நயம் தருவதையே உவமையாகக் கொண்டார் (குறள் 783). ஒரே நூலை வாழ்நாள் முழுதும் படிப்போருக்கு இவ்விரண்டில் எது நேர்கிறது என்னும் வினா, ஓதப்படும் நூலை உடைய எல்லாச் சமயங்களுக்கும் பொதுவானது. விவிலியத்தைப் பொறுத்தவரை இவ்வினா சற்றுக் கூர்மையாகவே எழுகிறது. ஞாயிறுதோறும் வாசிக்கப்படும் பகுதிகள், சிறுவயதிலேயே மனப்பாடமாகிவிடும் வசனங்கள், ஆண்டுதோறும் திரும்பி வரும் பிறப்பு, பாடு, உயிர்ப்பு ஆகியவற்றின் வரலாறுகள் ஆகியன பலருக்குச் செவியளவில் நின்றுவிடுகின்றன. சிலருக்கு மட்டும் அதே பகுதி ஒருநாள், அதற்கு முன் சொல்லாத ஒன்றைச் சொல்கிறது.

மேலைநாட்டு வரலாற்றில் இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுபவர் மார்ட்டின் லூதர். உரோமையர் 1:17இல் வரும் ‘கடவுளின் நீதி’ என்னும் தொடர் தம்மை நெடுங்காலம் அச்சுறுத்தி வந்ததையும், பின்னர் அதே தொடர் தமக்கு விடுதலை அளித்ததையும் 1545ஆம் ஆண்டில் வெளிவந்த தம் இலத்தீன் நூல் தொகுதியின் முன்னுரையில் அவர் நினைவுகூர்ந்தார். பாவியைத் தண்டிக்கும் நீதி என்று கொண்டிருந்த பொருள் மாறி, நம்புவோருக்குக் கடவுள் அருளும் நீதி என்னும் பொருள் விளங்கியபோது அம்மாற்றம் நிகழ்ந்தது. இங்கே நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. லூதருக்குக் கிடைத்த தெளிவு, நூலை மூடிவைத்துவிட்டுக் கண்ட கனவன்று. விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் விவிலியத்தைக் கற்பித்த ஓர் ஆசிரியர், ஒரு வேற்றுமைத் தொடரின் பொருளை விடாது ஆராய்ந்ததன் பயன் அது. அத்தொடரில் ஆறாம் வேற்றுமை எவ்வுறவைக் குறிக்கிறது என்னும் இலக்கண வினாவே அவருடைய வாழ்க்கை வினாவாகவும் இருந்தது.

பழகிய விவிலியப் பகுதிகளில் தமிழர் தமக்கென ஒரு புதிய பொருளைக் கண்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. வேதநாயக சாஸ்திரியார், ஆறுமுக நாவலர், எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, ஏ. ஜே. அப்பாசாமி ஆகிய நால்வரையும் சான்றாகக் கொள்கிறோம். இவர்களுள் ஒருவர் கிறித்துவக் குடும்பத்தில் வளர்ந்த கவிஞர். ஒருவர் சைவத்தைக் காக்க எழுந்தவர். ஒருவர் வைணவத்திலிருந்து கிறித்துவத்திற்கு வந்தவர். மற்றொருவர் இறையியல் அறிஞர். சமய நிலையால் வேறுபட்ட இந்நால்வரையும் ஒருசேர நோக்கும்போது ஒரு பொதுமை புலனாகிறது. விவிலியத்தோடு கொண்ட பழக்கத்திற்கு ஈடாக வேறொரு தமிழ் மரபோடும் ஆழ்ந்த பழக்கம் உடையவர்களாகவே இவர்கள் அனைவரும் இருந்தனர். ஆகவே, பழக்கம் புதுப்பொருளுக்குப் பகை என்பதைவிட, இரு பழக்கங்கள் சந்திக்கும் இடத்தில் புதுப்பொருள் பிறக்கிறது என்பதே பொருந்தும் எனக் கருதுகிறோம்.

தமிழில் வாசகம் பழகிய வரலாறு

ஒரு நூல் பழகியதாக மாற வேண்டுமாயின், முதலில் அது கையிற் கிடைக்க வேண்டும். 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடி வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711இல் முடித்தார். அம்மொழிபெயர்ப்பு 1714, 1715ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியில் அச்சேறியது. அவருக்குப் பின்வந்த பெஞ்சமின் சூல்ட்சே பழைய ஏற்பாட்டின் தமிழாக்கத்தை நிறைவு செய்தார்.

இப்பணியை மீண்டும் தொடக்கத்திலிருந்து செய்தவர் யோகான் பிலிப் பப்ரிசியசு (1711–1791). 1740இல் தமிழகம் வந்த இவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சென்னையில் கழித்தார். இவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. பழைய ஏற்பாடு முழுமையாக அச்சேறி முடிந்தது அவர் மறைவுக்குப் பின்னரே. தாம் எழுதியதைக் கற்றோரிடமும் எளியோரிடமும் வாசித்துக் காட்டி, அவர்கள் கொண்ட பொருளைக் கேட்டுத் திருத்துவது அவர் முறையாக இருந்தது. தமக்கு நன்கு தெரிந்த வாசகத்தைப் பிறர் செவி வழியாகக் கேட்டறிய முனைந்த ஒருவரின் உழைப்பு அது. ஒரு பகுதியைப் பன்முறை படித்தவர்க்குத் தோன்றாத ஐயம், அதனை முதன்முறை கேட்பவர்க்குத் தோன்றும். அந்த ஐயத்தை மதித்த காரணத்தால் அவருடைய மொழிபெயர்ப்பு சபையாரின் நாவில் நிலைத்தது. லூத்தரன் சபைகள் அதனை நெடுங்காலம் போற்றின.

கடவுளைக் குறிக்க இம்மொழிபெயர்ப்புகள் கையாண்ட சொற்களே ஒரு தனி வரலாறு. சீகன்பால்கு ‘சர்வேசுரன்’ என்றார். பப்ரிசியசு ‘பராபரன்’ என்றார். 1871இல் முழுமையாக வெளிவந்த ஹென்றி பவரின் திருத்தம் ‘தேவன்’ என்றது. இருபதாம் நூற்றாண்டின் திருத்தங்கள் ‘கடவுள்’ என்னும் சொல்லைத் தெரிந்தெடுத்தன. ஆளும் தலைமை, எல்லாவற்றிற்கும் மேலான மேன்மை, தெய்வத்தன்மை, எல்லாவற்றையும் கடந்தும் உள்ளும் நிற்கும் நிலை என ஒவ்வொரு சொல்லும் வெவ்வேறு பக்கத்தைக் காட்டியது. ஆதியாகமத்தின் முதல் வசனத்தைப் பாட்டனும் பேரனும் ஒரே தமிழில் ஓதிய போதும், அவர்கள் உள்ளத்தில் எழுந்த உணர்வு ஒன்றாக இருந்திருக்க இயலாது.

குறவஞ்சியில் ஒரு நற்செய்தி: வேதநாயக சாஸ்திரியார்

1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார், பன்னிரண்டு அகவையளவில் கிறித்தியான் பிரடெரிக் சுவார்ட்சின் அரவணைப்பில் தஞ்சைக்கு வந்தார். பப்ரிசியசின் விவிலியத் தமிழே அவர் வளர்ந்த தமிழ். அதே தஞ்சையில் அவர் கண்டும் கேட்டும் வளர்ந்தது மராட்டிய மன்னர் காலத்துக் கூத்தும் கீர்த்தனையும் குறவஞ்சியும் ஆகும். இவ்விரு பழக்கங்களின் சந்திப்பில் 1800ஆம் ஆண்டளவில் ‘பெத்லகேம் குறவஞ்சி’ தோன்றியது.

குறவஞ்சியின் அமைப்பை நம் வாசகர் அறிவர். தலைவன் உலா வருதல், தலைவி காதல் கொள்ளுதல், குறத்தி வந்து குறி சொல்லுதல், குறவன் பறவை பிடித்தல், பின்னர்க் குறத்தியைத் தேடி அடைதல் என அது செல்லும். சாஸ்திரியார் இவ்வமைப்பைக் கலைக்காமல், தலைவனாகக் கிறித்துவையும் அவர்பால் காதல் கொள்ளும் தலைவியாகச் சீயோன் மகளாகிய திருச்சபையையும் அமைத்தார். குறி சொல்லும் குறத்தி விசுவாசத்தின் உருவமானாள். கண்ணி வைக்கும் குறவன் ஊழியனின் உருவமானான்.

இதில் நாம் காணும் புதுப்பொருள் யாது? மீன் பிடிப்போரை மனிதரைப் பிடிப்போராக்குவதாக இயேசு கூறும் பகுதி (மத்தேயு 4:19) எந்தக் கிறித்துவக் குழந்தைக்கும் தெரிந்த ஒன்று. கலிலேயாக் கடலின் வலை தஞ்சை வயல்வெளியின் கண்ணியாக மாறும்போது, ஊழியன் என்பவன் யார் என்னும் கேள்விக்குப் புதிய விடை கிடைக்கிறது. குறவன் ஊருக்கு வெளியிலிருந்து வருபவன், உடைமை அற்றவன், அலைந்து திரிபவன். மதிப்பான குருப்பட்டத்தை அன்று, அக்குறவனின் கோலத்தையே கவிஞர் ஊழியனுக்குச் சூட்டினார். வலையை விட்டுப் பின்சென்ற மீனவர்களின் எளிமை, மேசையின் மேல் பொன் விளிம்பிட்ட நூலாக இருந்த வாசகத்தில் மறைந்து போயிருக்கலாம். குறவனின் வடிவில் அது திரும்பி வந்தது. நோவாவின் பேழையைப் பாடிய அவருடைய ‘ஞானத் தச்ச நாடகம்’ போன்ற பிற படைப்புகளிலும் இம்முறையின் தொடர்ச்சியைக் காணலாம்.

எனினும் சாஸ்திரியாரின் வரலாறு ஒரு முரண்பாட்டையும் காட்டுகிறது. 1820களில் சி. டி. இ. இரேனியசு முதலியோர் பப்ரிசியசின் மொழிபெயர்ப்பைத் திருத்த முற்பட்டபோது, தஞ்சைச் சபையார் சார்பில் அதனை வன்மையாக எதிர்த்தவர் இவரே. அவ்வெதிர்ப்பில் அவர் எழுதியவற்றுள் ‘புதுத் திருத்தலின் கூக்குரல்’ குறிப்பிடத்தக்கது. அறியாமையால் எழுந்த பிடிவாதம் என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. தம் தாயும் தந்தையும் செபித்த சொற்கள், மரணப் படுக்கையில் ஓதப்பட்ட சொற்கள், தாமே பாடல்களில் வைத்திழைத்த சொற்கள் ஆகியவை அயலவர் குழுவொன்றால் மாற்றப்படுவதை ஒரு சமூகம் இழப்பாகவே உணரும். வாசகத்திற்கும் வாசகருக்கும் இடையே வளர்ந்த உறவு, சொல்லைப் பற்றிக்கொண்டே வளர்கிறது.

அதே வேளையில் மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்காலத் தஞ்சைச் சபையின் கிளர்ச்சியில் மொழியும் இசையும் மட்டும் இடம்பெறவில்லை. வழிபாட்டில் சாதி வேறுபாட்டை ஒழிக்க முற்பட்ட புதிய மிஷனரிகளை எதிர்த்த வேளாளக் கிறித்துவர்களின் குரலாகவும் சாஸ்திரியார் விளங்கினார். கிறித்துவுக்குள் யூதர், கிரேக்கர், அடிமை, உரிமையாளர் என்னும் வேறுபாடு இல்லை என்னும் பகுதி (கலாத்தியர் 3:28) அவர் நன்கறிந்த நூலில் உள்ளதே. குறவனில் ஊழியனைக் கண்ட அதே கவிஞர், ஆலயத்தில் அமரும் இடத்தைப் பற்றிய பூசலில் அப்பகுதியைத் தம்மை நோக்கிய கேள்வியாகக் கொண்டதாகத் தெரியவில்லை. கற்பனையில் ஏற்றுக்கொண்ட ஒன்றை வாழ்க்கையில் ஏற்பது அத்துணை எளிதன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று. எந்தப் பகுதி நமக்குப் புதிதாகப் பேசுகிறது என்பதைப் போலவே, எந்தப் பகுதி நம்மிடம் பேசாமலே நிற்கிறது என்பதும் ஆராயத்தக்கது.

எதிர்நிலையில் நின்ற நுண்வாசிப்பு: ஆறுமுக நாவலர்

விவிலியத்தில் புதுப்பொருள் காண்போர் கிறித்துவராகவே இருக்க வேண்டும் என்னும் நியதி இல்லை. யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர், வெசிலியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பேர்சிவலின் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, அவருடைய விவிலிய மொழிபெயர்ப்புப் பணிக்குப் பல ஆண்டுகள் துணைநின்றார். அம்மொழிபெயர்ப்பு 1850ஆம் ஆண்டில் அச்சாயிற்று. ஆயினும் சபைகளில் பரவலாக ஏற்கப்படவில்லை. 1848இலேயே நாவலர் அப்பணியிலிருந்து விலகி, வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கிவிட்டார்.

மொழிபெயர்ப்பாளன் ஒரு நூலைப் படிப்பது போல வேறெவரும் படிப்பதில்லை. விருப்பமான பகுதியில் நின்று, சலிப்பூட்டும் பகுதியைத் தாண்டிச் செல்லும் உரிமை அவனுக்கு இல்லை. யாத்திராகமத்தின் பிற்பகுதியும் லேவியராகமமும் சாதாரண வாசகர் விரைந்து கடந்து செல்பவை. கூடாரத்தின் அளவுகள், குத்துவிளக்கு, தூபபீடம், சமுகத்தப்பம், குருக்கள் கைகால் கழுவும் தொட்டி (யாத்திராகமம் 25–30), பலிகளின் வகைகள், தீட்டும் தூய்மையும் ஆகியன அவற்றில் விரிவாகப் பேசப்படுகின்றன. சைவ ஆகமங்களிலும் கோயில் வழிபாட்டிலும் ஊறிய நாவலருக்கு இவை சலிப்பூட்டும் பட்டியல்களாகத் தோன்ற வாய்ப்பில்லை. தீபம், தூபம், நிவேதனம், ஆசாரம் எனத் தம் வீட்டிலும் கோயிலிலும் நாள்தோறும் கண்டவற்றின் சாயலை அவர் அங்கே கண்டார்.

1854இல் அவர் வெளியிட்ட ‘சைவதூஷண பரிகாரம்’ இவ்வாசிப்பின் பயன். சைவக் கிரியைகளை மூடவழக்கம் என்று பழித்த மிஷனரிகளை நோக்கி, இவற்றை ஒத்த கிரியைகளை உங்கள் வேதத்திலேயே கடவுள் விதித்திருக்கிறாரே என்று, பழைய ஏற்பாட்டு இடங்களைச் சுட்டி வாதிட்டார். அச்சடங்குகள் வரவிருந்ததன் நிழல் மட்டுமே என்று எபிரேயர் நிருபத்தைக் (10:1) கொண்டு கிறித்துவ இறையியலார் விடை கூறுவர். அவ்விடையின் வலிமையை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. விவிலியத்தின் பெரும்பகுதி ஒரு கோயில் சமயத்தைப் பேசுகிறது என்னும் உண்மை, சீர்திருத்தச் சபைகளின் எளிய ஆலயங்களில் வளர்ந்தோர் கண்ணுக்குப் புலப்படாமற் போயிற்று; அதனைத் தமிழ்ச் சைவர் ஒருவர் சுட்டிக்காட்டினார் என்பதே நாம் கொள்ளத்தக்க செய்தி.

நாவலருக்கு இது வெறும் வாதத்திறன் பற்றிய செய்தியன்று. தமக்குக் கல்வியும் பணியும் தந்த ஒரு நிறுவனத்தை விட்டு விலகும் அளவிற்கு, அதே நிறுவனம் கற்பித்த நூலின் நுண்பயிற்சி அவருக்கு உதவியது. அச்சு, உரைநடை, பிரசங்கம் என மிஷனரிகளின் கருவிகள் பலவற்றையும் அவர் சைவத்தின் பொருட்டு ஏற்றுக்கொண்டதை நாம் அறிவோம். அவர் ஏற்றுக்கொண்டவற்றுள் விவிலிய வாசிப்பும் ஒன்று எனச் சேர்த்துச் சொல்வது பொருத்தமாகும்.

கயிறும் பாசமும்: எச். ஏ. கிருஷ்ண பிள்ளை

திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கரையிருப்பில் 1827இல் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ண பிள்ளை. இளமையிலேயே கம்பராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சி பெற்றார். 1853இல் சாயர்புரம் கிறித்துவக் கல்வி நிலையத்தில் தமிழாசிரியரானார். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்று, ஹென்றி ஆல்பிரடு என்னும் பெயரையும் ஏற்றார். ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி அவர் இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 3766 பாடல்களைக் கொண்டது. ‘நற்போதகம்’ இதழில் தொடராக வந்து, 1894இல் நூலுருப் பெற்றது. அவரைக் கிறித்துவக் கம்பர் என அழைக்கும் வழக்கும் உண்டு.

இந்நூலில் கிறித்துவின் பாடுகளைக் கூறும் பகுதி நம் ஆய்வுக்கு மிகவும் இன்றியமையாதது. இயேசுவைப் பிடித்துக் கட்டினார்கள் என்பதை நற்செய்தி நூல்கள் மிகச் சுருக்கமாகவே சொல்கின்றன (யோவான் 18:12, மத்தேயு 27:2). கட்டினார்கள் என்னும் ஒற்றை வினைச்சொல்லோடு வருணனை முடிந்துவிடுகிறது. பாடுகளின் வரலாற்றில் முள்முடியும் ஆணியும் பெறும் கவனத்தை அக்கயிறு பெறுவதில்லை. வாசகர் அதனைக் கடந்து சென்றுவிடுவர்.

கிருஷ்ண பிள்ளை அங்கே நின்றார். அவரைக் கட்டியது பாசம், அதாவது கயிறு, என்று எண்ண வேண்டா. தம்மைப் பகைத்த மக்களை நினைந்து உருகும் அன்பே அவரை இறுகப் பிணித்தது. அதனாலேயே அவர் வலியற்ற ஏழையைப் போல ஒடுங்கி நின்றார் என்பது அவர் பாடலின் கருத்து. கயிற்றையும் அன்பையும் ஒருங்கே குறிக்கும் ‘பாசம்’ என்னும் தமிழ்ச் சொல் இப்பொருளைத் திறக்கும் திறவுகோலாயிற்று. கிரேக்க மூலத்திலோ ஆங்கிலப் பெயர்ப்பிலோ இச்சொல்லாட்சிக்கு இடமில்லை. தமிழில் சிந்தித்தவருக்கே இக்காட்சி கிட்டியது. சைவ சித்தாந்தம் உயிரைக் கட்டும் தளையைப் பாசம் என்று வழங்குவதையும் நினைத்துப் பார்த்தால் இப்பொருள் மேலும் ஆழமாகிறது. பாசத்தால் கட்டுண்ட உயிர்களை விடுவிக்க வந்தவர், தாமே பாசத்தால் கட்டுண்டு நிற்கிறார்.

இக்காட்சிக்குப் பின்னணியாகக் கம்பனையும் நாம் கருதலாம். சுந்தர காண்டத்துப் பாசப் படலத்தில் இந்திரசித்து எய்த பிரமாத்திரத்தால் அனுமன் கட்டுண்கிறான். அத்தெய்வப்படையை மதித்தும், இராவணனைக் காணும் வாய்ப்பைக் கருதியும் அவன் கட்டுக்கு உடன்பட்டுச் செல்கிறான். வல்லமை உடையவன் தன் விருப்பத்தால் கட்டுண்டு நிற்கும் இக்காட்சி, கம்பனை உயிராகப் போற்றிய ஒருவர் உள்ளத்தில் இராமற் போகாது. பழைய காட்சியை அவர் அப்படியே பெயர்த்து வைத்தார் என்று நாம் கூறவில்லை. கம்பனிடம் பெற்ற கண், நற்செய்தியில் பிறர் காணாத கயிற்றைக் காண உதவியது என்றே கூறுகிறோம்.

இதில் தன்வாழ்வின் சாயலும் உண்டு எனக் கருதலாம். சமயம் மாறிய ஒருவர் சுற்றத்தின் பாசத்தை அறுத்தவராகவே அக்காலச் சமூகத்தால் எண்ணப்பட்டார். பாசம் என்னும் சொல் அத்தகையவருக்கு நூற்சொல்லாக மட்டும் இருந்திருக்காது.

நிலைத்திருத்தலும் பக்தியும்: ஏ. ஜே. அப்பாசாமி

பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இறையியல் கற்று, 1922இல் ஆக்சுபோர்டில் முனைவர் பட்டம் பெற்றார். யோவான் நற்செய்தியின் அனுபவ ஞானத்தை இந்தியப் பக்தி இலக்கியத்தோடு ஒப்பிட்டு ஆய்ந்ததே அவருடைய ஆய்வு. பின்னர் 1927இல் வெளியான ஆங்கில நூலில், கிறித்துவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கினார். 1950இல் கோயம்புத்தூர்ப் பேராயரானார், 1975இல் மறைந்தார்.

திராட்சைக் கொடியும் கிளைகளும் பற்றிய பகுதி (யோவான் 15) எல்லாரும் அறிந்தது. ‘நிலைத்திருத்தல்’ என்று தமிழில் வரும் சொல்லை அப்பாசாமி பக்தி மரபின் ஒளியில் நோக்கினார். வீடுபேறு என்பது மறுமைக்கென ஒத்திவைக்கப்பட்ட ஒன்றன்று; இம்மையிலேயே இறைவனோடு அன்பால் கூடி வாழும் நிலையே அது என அவர் விளக்கினார். நானும் பிதாவும் ஒன்று என்னும் கருத்தமைந்த பகுதியை (யோவான் 10:30) அத்வைத நோக்கில் பொருள்கொண்டோரோடு அவர் உடன்படவில்லை. அவ்வொருமையை அன்பாலும் உள்ளத்தாலும் ஒன்றுபட்ட ஒருமை என்றே கொண்டார். இறைவனில் கரைவதைவிட இறைவனை நுகர்வதையே வேண்டிய பக்தி மரபின் பார்வை இவ்விளக்கத்திற்கு அரணாக நிற்கிறது.

அப்பாசாமியின் வாசிப்பால் பயன் இருவழிச் சென்றது. பக்திப் பாடல்களின் வழியே யோவானைப் புரிந்துகொண்டவர், யோவானின் வழியே பக்திப் பாடல்களையும் கிறித்துவர் மதிக்குமாறு செய்தார். 1930இல் அவர் தொகுத்து வெளியிட்ட இந்தியப் பக்திப் பாடல் தொகுப்பு இதற்குச் சான்று. முக்கால் நூற்றாண்டிற்கு முன் நாவலரும் மிஷனரிகளும் எதிரெதிர் நின்று வாதிட்ட களத்தில், இரு மரபுகளும் ஒன்றற்கொன்று உரையாக அமையலாம் என்று அவர் காட்டினார்.

புதுப்பொருளின் உரைகல்

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். ஒவ்வொருவரும் தத்தம் பின்னணியைக் கொண்டு பொருள் காணலாம் எனின், நூலுக்கென ஒரு பொருள் உண்டா? தமக்குத் தோன்றியதையெல்லாம் நூலின்மேல் ஏற்றிச் சொல்லும் உரிமையை அது வழங்கிவிடாதா? இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. தனிமனித அனுபவம் என்னும் பெயரில் வாசகத்திற்குத் தொடர்பற்ற பொருள்கள் கூறப்படுவதை எல்லாச் சமயங்களிலும் காண்கிறோம்.

நாம் கண்ட சான்றுகளே இதற்கு விடை தருகின்றன. கிருஷ்ண பிள்ளையின் பொருள் சொல்லின்பத்தால் மட்டும் நிற்பதன்று. தாம் வேண்டினால் பன்னிரண்டு படையணிக்கும் மேற்பட்ட தூதர் வருவர் என இயேசு கூறும் இடம் (மத்தேயு 26:53), அவர் விரும்பியே கட்டுண்டார் என்பதை நிறுவுகிறது. கவிஞரின் காட்சி நூலின் பிற பகுதியோடு ஒத்திசைகிறது. நாவலரின் வாதத்திற்கு அவர் சுட்டும் அதிகாரங்களே ஆதாரம். அப்பாசாமியின் விளக்கம் யோவான் நூல் முழுவதிலும் ஓடும் அன்பின் கருத்தைச் சார்ந்தது. புதிதாகக் கண்ட பொருள் நூலின் மற்றப் பகுதிகளையும் துலங்கச் செய்யுமாயின் அது ஏற்புடையது. அவற்றை மறைக்குமாயின் அது ஐயத்திற்குரியது. ஒரு குறளுக்குப் பொருள் காண்கையில் அதிகார வைப்பையும் பிற குறள்களையும் நோக்கும் பரிமேலழகரின் முறை நமக்குப் பழக்கமானதே.

சாஸ்திரியாரின் வரலாறு இதற்கு மேலும் ஓர் உரைகல்லைத் தருகிறது. கண்ட பொருள் கண்டவரின் நிலையை உறுதிப்படுத்துவதோடு நின்றதா, அவரிடம் ஏதேனும் கேட்டதா என்பதும் நோக்கத்தக்கது. லூதர், நாவலர், கிருஷ்ண பிள்ளை ஆகியோருக்கு வாசிப்பு ஒரு விலையைக் கேட்டது. அவர்கள் அதனைக் கொடுத்தனர். விலை கேட்காத புதுப்பொருள் பொய் என்று நாம் கூறவில்லை. ஆனால் அதனை இன்னும் ஒருமுறை ஆராய்ந்து பார்ப்பது நலம்.

முடிவுரை

1995இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய ‘திருவிவிலியம்’ இக்காலத் தமிழில் வெளிவந்தது. ஆயினும் தமிழகத்தின் சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் பவரின் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழே இன்றளவும் ஒலிக்கிறது. புதிய பெயர்ப்பு பொருளைத் தெளிவாக்கும் என்பதும், பழைய சொற்கள் உள்ளத்தோடு ஒட்டியவை என்பதும் ஒருசேர உண்மைகள். தஞ்சையில் எழுந்த கூக்குரல் வேறு வடிவில் தொடர்கிறது எனலாம். பப்ரிசியசு செய்தது போலப் பிறர் செவி வழியாகக் கேட்கும் பொறுமை இரு சாராருக்கும் தேவைப்படுகிறது.

இவ்வரலாறு தமிழாசிரியராகிய நமக்கும் பயன்தருவது. ஆண்டுதோறும் அதே குறளையும் அதே புறப்பாடலையும் வகுப்பில் எடுத்துச் செல்லும் நாம், மாணவர்க்கு அவை சலித்துவிட்டன என்று வருந்துகிறோம்; நமக்கே சலித்துவிட்டதை ஒப்புக்கொள்வதில்லை. சலிப்பைப் போக்கப் பாடத்தை மாற்றுவதோ எளிதாக்குவதோ ஒரு வழி. நால்வரின் வாழ்வு காட்டும் வழி வேறு. ஒரு நூலை நன்கு அறிந்தவர் மற்றொரு நூலையும் அதே அளவு நன்கு அறிய முற்பட்டால், முதல் நூலில் கடந்து சென்ற சொற்கள் திரும்ப நின்று பேசத் தொடங்குகின்றன. கம்பனை அறியாதவராயின் கிருஷ்ண பிள்ளை அக்கயிற்றைக் கண்டிருப்பாரா என்பது ஐயமே. நற்செய்தியை அறிந்த பின் கம்பனின் பாசப் படலத்தை அவர் எவ்வாறு படித்திருப்பார் என்பது தனியே ஆராயத்தக்கது.